அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் நாலாம் நிலை: ஹைபெக் ஆபரேஷனுக்குச் சொல்கிறார்கள், செய்யலாமா?

கொங்குமகள்:

வணக்கம். திருச்செங்கோட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 57 வயது. போர்வெல் ரிக் வண்டி டிரைவர். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று மாசக்கணக்கில் வெளியிலேயே இருந்தவர். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது ரெண்டு இட்லி சாப்பிடுவதற்குள் வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிட்டார். கேஸ் டிரபிள் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு அப்புறம்தான் எண்டோஸ்கோப்பி பார்த்தோம். பயாப்சியில் இரைப்பைப் புற்றுநோய், சிக்னெட் ரிங் செல் வகை என்று வந்தது. சி.டி. ஸ்கேனில் வயிற்றுக்குள் கொஞ்சம் நீர் கோத்திருந்தது, குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புச் சவ்வில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தன. கல்லீரலிலும் நுரையீரலிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் நாலாம் நிலைதான் என்றார்கள்.

சேலத்தில் ஃப்ளாட் என்ற கீமோ நாலு சுற்று முடிந்திருக்கிறது. புது ஸ்கேனில் நீர் வற்றிவிட்டது, கட்டியும் சுருங்கியிருக்கிறது. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். இரைப்பையை எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் வயிற்றுக்குள் சூடான கீமோ மருந்தைச் சுற்ற விடுவார்களாம், ஹைபெக் என்று பெயராம். அடுத்த மாசமே செய்துவிடலாம், 9 லட்சம் வரை ஆகும் என்கிறார்கள். சேலம் டாக்டரைக் கேட்டால், அவசரப்பட வேண்டாம், கீமோ நன்றாக வேலை செய்கிறது, அதையே தொடரலாம் என்கிறார். ரெண்டு பேரும் படித்த டாக்டர்கள், நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?

சித்தப்பா, இருக்கிற அரை ஏக்கர் காட்டை விற்றாவது செய்தே ஆக வேண்டும் என்று நிற்கிறார். அம்மா பயப்படுகிறார். அப்பா இப்போது 46 கிலோதான். அவரிடம் வயிற்றில் புண் என்று மட்டுமே சொல்லியிருக்கிறோம். ஹைபெக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

தியேட்டர்சிஸ்டர்:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. சென்னையில் புற்றுநோய் அறுவைசிகிச்சைப் பிரிவின் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸ். ஹைபெக் கேஸ்களில் நின்றிருக்கிறேன். வாராவாரம் நடக்கிற டியூமர் போர்டு கூட்டத்தில், இதை யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்று டாக்டர்கள் வாதாடுவதையும் கேட்டுக்கொண்டிருப்பவள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஆபரேஷன் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை போகும். முதலில் வயிற்றை நெஞ்சுக்குழியிலிருந்து கீழே வரை திறந்து, கண்ணுக்குத் தெரிகிற கட்டி எல்லாவற்றையும் எடுப்பார்கள். இரைப்பை, அதைச் சுற்றியுள்ள நெறிக்கட்டிகள், அந்தக் கொழுப்புச் சவ்வு, வயிற்றின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் நோய் இருக்கிற பகுதிகள், தேவைப்பட்டால் மண்ணீரலோ குடலில் ஒரு துண்டோ கூட. வேலையில் முக்கால்வாசி இதுதான். அதற்கப்புறம் வயிற்றுக்குள் குழாய்கள் வைத்து, ஒரு பம்ப் மூலமாக சிஸ்பிளாட்டின், மைட்டோமைசின் போன்ற மருந்து கலந்த திரவத்தை 41 முதல் 43 டிகிரி சூட்டில் சுற்ற விடுவோம். மருந்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் நோயாளியின் உடம்பு முழுவதும் சூடேறும். அதனால் தியேட்டர் ஏசியில் டிகிரியைக் குறைத்து வைத்து, கழுத்துப் பக்கம் ஐஸ் பேக் வைத்து, குளிர்ந்த டிரிப் போட்டு மயக்க டாக்டர் போராடிக்கொண்டே இருப்பார். சிஸ்பிளாட்டின் கிட்னியைக் கெடுக்கும் மருந்து, ஆகவே சிறுநீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்போம். கர்ப்பமாக இருக்கும் சிஸ்டர்களை அந்தத் தியேட்டருக்குள் விடமாட்டார்கள், அவ்வளவு வீரியம்.

இதில் உங்கள் வீட்டார் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தச் சூடான மருந்து கட்டிக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத செல்களையும் மணல் அளவு துகள்களையும் அழிப்பதற்குத்தான் அது. பெரிய கட்டியை உள்ளே விட்டுவிட்டு எவ்வளவு சூடாக ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. ஆகவே ஹைபெக் செய்யலாமா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அப்பாவின் வயிற்றில் இருப்பது முழுவதையும் எடுக்க முடியுமா என்பதுதான்.

அதை அளக்க பிசிஐ என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சுகர்பேக்கர் என்ற சர்ஜன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை. வயிற்றை 13 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கட்டியின் அளவைப் பார்த்து 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 39. இரைப்பைப் புற்றுநோய்க்கு அந்த எண் 6, 7க்குள் இருந்தால்தான் பெரும்பாலான சர்ஜன்கள் இந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசவே ஆரம்பிப்பார்கள். பிரான்சில் 15 மருத்துவமனைகளின் 159 நோயாளிகளை வைத்து 2010இல் வந்த கட்டுரையில், எண் 12க்கு மேல் இருந்தவர்களில் நீண்ட காலம் பிழைத்தவர்கள் இல்லை.

இந்த எண்ணை சி.டி. ஸ்கேன் பார்த்துச் சரியாகச் சொல்ல முடியாது. உறையில் ஒட்டியிருக்கும் சின்னத் துகள்கள் ஸ்கேனில் தப்பிவிடும், சிக்னெட் ரிங் வகையில் இன்னும் அதிகமாகத் தப்பும். சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ரோஸ்கோப்பியில்தான் தெரியும். பார்க்கும்போதே உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்து, அதில் புற்றுநோய் செல் இருக்கிறதா என்று சோதனைக்கும் அனுப்புவார்கள். அப்பாவுக்கு அது செய்தார்களா? உங்கள் பதிவில் காணோம். அது இல்லாமல் அடுத்த மாசமே ஹைபெக் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த கேள்வி, இதில் பலன் உண்டா என்பது. எங்கள் கூட்டத்தில் திரும்பத் திரும்பப் பேசப்படுகிற ஆய்வுகளைச் சொல்கிறேன். சீனாவில் வூஹானில் 68 பேரை வைத்து 2011இல் ஒன்று வந்தது. ஆபரேஷன் மட்டும் செய்தவர்களின் நடுவாந்திர ஆயுள் ஆறரை மாசம், ஹைபெக்கும் சேர்த்தவர்களுக்கு 11 மாசம். நடுவாந்திரம் என்றால் பாதிப் பேர் அதற்கு முன்பே போய்விட்டார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்று அர்த்தம். 2019இல் பிரான்சின் 19 மருத்துவமனைகள் 277 பேரின் பழைய கேஸ் ஷீட்டுகளை ஒப்பிட்டார்கள். ஆபரேஷன் மட்டும் என்றால் 12.1 மாசம், ஹைபெக்குடன் 18.8 மாசம். ஐந்து வருஷம் தாண்டியவர்கள் ஹைபெக் பக்கம் சுமார் 20 சதவீதம், மறுபக்கம் 6 சதவீதம். உங்கள் சித்தப்பாவுக்கு யாராவது காட்டியிருந்தால் இந்த எண்களைத்தான் காட்டியிருப்பார்கள். ஆனால் அது குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்த ஆய்வு இல்லை. யாருக்குச் செய்வது என்று டாக்டர்களே தேர்ந்தெடுத்தது. அதே கட்டுரையில், ஆபரேஷன் ஆன 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஹைபெக் பக்கம் 7.4 சதவீதம், மறுபக்கம் 10.1. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் வந்திருக்கின்றன. இதையும் வீட்டில் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் குலுக்கல் முறையிலேயே செய்தார்கள். கேஸ்ட்ரிபெக் என்று பெயர், 105 பேர். எல்லோருக்கும் முன்னும் பின்னும் கீமோ, பாதிப் பேருக்கு வெறும் ஆபரேஷன், பாதிப் பேருக்கு ஹைபெக்கும் சேர்த்து. இரண்டு பக்கமும் ஒரே ஆயுள், 14.9 மாசம். நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த காலம் மட்டும் மூன்றரை மாசத்திலிருந்து ஏழு மாசமாகக் கூடியது. போதுமான ஆட்கள் சேராமல் ஆய்வு சீக்கிரமே நின்றது, சேர்ந்தவர்களிலும் நிறையப் பேருக்கு நோய் முற்றியதால் ஆபரேஷனே நடக்கவில்லை. அதனால் அதை வைத்துக் கதவை இழுத்து மூடிவிடவும் முடியாது. எங்கள் பெரிய டாக்டர் எப்போதும் சொல்வது, சினைப்பைப் புற்றுநோயில் ஹைபெக்குக்குக் கிடைத்த நல்ல பெயரை இரைப்பைக்குக் கடன் வாங்கக் கூடாது என்று. நெதர்லாந்தில் 245 பெண்களை வைத்து நடந்த ஆய்வு சினைப்பைக்குத்தான். அங்கே உண்மையிலேயே ஒரு வருஷம் வரை ஆயுள் கூடியது. இரைப்பை வேறு சுபாவம்.

ஆகவே என் கருத்து: நோய் கொஞ்சமாக இருந்து, கீமோவுக்கு அடங்கி, உடம்பும் தெம்பாக இருக்கிறவருக்கு அனுபவமுள்ள இடத்தில் இது நியாயமான முயற்சி. அந்த மூன்றும் இல்லாதவருக்குச் செய்தால், கடைசி நல்ல மாசங்களை ஐசியூவில் செலவழிப்பதாகிவிடும். நான் பார்த்து மனசு நொந்திருக்கிறேன். முதலில் லேப்ரோஸ்கோப்பி கேளுங்கள். பயாப்சி பிளாக்கில், அதாவது மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதைத் துண்டில், ஹெர்2, எம்எஸ்ஐ, பிடி-எல்1, கிளாடின் சோதனைகள் செய்தாச்சா என்றும் கேளுங்கள். அவற்றில் ஏதாவது ஒத்துவந்தால் கீமோவோடு சேர்க்க வேறு மருந்துகள் இருக்கின்றன.

மதுரைவாசி:

சிஸ்டர் சொல்லியிருப்பது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. அம்மாவுக்கு இதே நோய். நாங்களும் ஹைபெக் என்று ஒரே பிடிவாதமாக இருந்தோம். சர்ஜன் முதலில் கேமரா விட்டுத்தான் பார்ப்பேன் என்றார். ஸ்கேனில் சுத்தமாகத் தெரிந்த வயிற்றில், சிறுகுடல் முழுக்கத் துகள் துகளாக ஒட்டியிருந்தது. சிறுகுடல் முழுவதையும் எடுத்தால் மனுஷி எப்படி உயிர் வாழ்வார் என்று கேட்டார். அன்றைக்கு சர்ஜன் மேல் கோபம்தான் வந்தது. ஆனால் மூன்றாம் நாளே அம்மா வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் கீமோவுக்குப் போனார். பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால் கீமோ ரெண்டு மூணு மாசம் நின்றிருக்கும். அப்புறம் தங்கையின் கல்யாணத்தைப் பார்த்தார், பேத்திக்கு மொட்டை போட அழகர்கோயிலுக்கு வந்தார். அவர் போய்விட்டார்தான், ஆனால் அந்த நாட்கள் எங்களுக்குக் கிடைத்தன. கேமரா பார்க்காமல் யார் தேதி கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கொங்குமகள்:

ரெண்டு பேருக்கும் நன்றி. நேற்று கோவைக்குப் போன் செய்து கேட்டேன். லேப்ரோஸ்கோப்பி தனியாகத் தேவையில்லை, ஆபரேஷன் அன்றே திறந்து பார்த்து, முடியாது என்றால் மூடிவிடுவோம் என்கிறார்கள். அது சரியா சிஸ்டர்? அப்புறம், 46 கிலோ உடம்பு தாங்குமா என்று யாரிடம் கேட்டாலும் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார்கள். சித்தப்பா ஜப்பானில் வேறு ஏதோ முறை இருக்கிறது என்று வீடியோ அனுப்பியிருக்கிறார். இன்னொரு விஷயம், அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

தியேட்டர்சிஸ்டர்:

திறந்து பார்த்து மூடுவது உண்டு, ஆனால் அது கடைசி நிமிஷத்தில் எதிர்பாராமல் நடக்க வேண்டியது. முன்கூட்டியே திட்டமாக வைத்துக்கொள்வது சரியில்லை. பெரிய கீறல் போட்டு மூடினால் காயம் ஆறும்வரை கீமோ கொடுக்க முடியாது. துளை போட்டுப் பார்த்தால் சில நாளில் எழுந்து நடப்பார், மதுரைத் தம்பி சொன்ன மாதிரி. கோவையில் மறுத்தால் ரிப்போர்ட், ஸ்கேன் சிடி, பயாப்சி பிளாக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் கருத்து கேளுங்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் உங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான். போகிற இடத்தில் சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள்: இரைப்பைக்கு இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று. நல்ல சர்ஜன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கலைஞர் காப்பீட்டு அட்டை இருந்தால் வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. இதில் எந்தப் பகுதி அடங்கும், எதைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதைக் காப்பீட்டு மேசையில் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் காட்டைப் பற்றி யோசியுங்கள். அதற்கு முன்னால் காட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் வாங்கிவிடாதீர்கள்.

எடையைப் பற்றி: எவ்வளவு கிலோ என்பதோடு, நோய்க்கு முன்னால் எவ்வளவு இருந்தார், இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு, பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுத்தே இருக்கிறாரா என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஆல்புமின் குறைவாக இருந்தால், உணவுக்குழாயைக் குடலோடு தைத்த இடம் ஆறாமல் கசியும். தியேட்டரில் நாங்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். வாயால் போதுமான அளவு சாப்பிட முடியாவிட்டால், லேப்ரோஸ்கோப்பி செய்யும்போதே சிறுகுடலில் ஒரு உணவு டியூப் வைத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். ஆபரேஷன் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த டியூப் உதவும். சத்துணவு ஆலோசகரை இன்றைக்கே பாருங்கள். ரெண்டு மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக முட்டை, பருப்பு, தயிர், நிலக்கடலை அரைத்த கஞ்சி என்று கொடுங்கள்.

சித்தப்பா சொல்வது, வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு போர்ட் வைத்து பேக்லிடாக்ஸல் மருந்தை வாராவாரக் கணக்கில் உள்ளேயே விடுகிற முறையாக இருக்கும். அதில் சூடு கிடையாது. ஜப்பானில் 2018இல் வந்த ஃபீனிக்ஸ் ஆய்வில் இந்த முறைக்கு நடுவாந்திர ஆயுள் 17.7 மாசம், வழக்கமான கீமோவுக்கு 15.2. கணக்குப்படி அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. ஆனாலும் மூன்று வருஷம் தாண்டியவர்கள் 22 சதவீதத்துக்குப் பக்கம், மறுபக்கம் 6. அதனால் இதில் நம்பிக்கை வைத்திருக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். பெரிய ஆபரேஷன் இல்லாமல் செய்யக்கூடியது என்பதால், கருத்து கேட்கப் போகும் இடத்தில் இதையும் கேளுங்கள்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் தங்கச்சி. இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் புண் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது நியாயம் இல்லை, அவருடைய உடம்பு அது. மாசக்கணக்கில் வெளி மாநிலத்தில் தனியாக வண்டி ஓட்டிச் சமாளித்தவருக்கு இதைத் தாங்கும் திடம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். கட்டி இருக்கிறது, கீமோவுக்குச் சுருங்கியிருக்கிறது, அடுத்து ரெண்டு வழி சொல்கிறார்கள் என்று ஆரம்பியுங்கள். உங்களுக்கு எது முக்கியம் என்று அவரையே கேளுங்கள். சிலர் என்ன ஆனாலும் போராடிப் பார்க்கிறேன் என்பார்கள். சிலர் வீட்டில் இருக்கணும் என்பார்கள். இரண்டில் எது வந்தாலும், அதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். உடல்வலிக்கும் வாந்திக்கும் வலிநிவாரணப் பிரிவை இப்போதே பார்த்துவிடுங்கள், அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தஞ்சைவாணி:

என் வீட்டுக்காரருக்கு ஹைபெக் செய்தாச்சு. அவருக்கு பிசிஐ 3 என்று வந்தது, கீமோவுக்கும் நன்றாகக் கேட்டிருந்தது. அதனால் ஒத்துக்கொண்டோம். செய்கிறவர்களுக்கு அப்புறம் என்ன என்று யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து முதல் வாரம் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. ரெண்டாவது வாரம் வெள்ளையணு இறங்கிக் காய்ச்சல் வந்தது, வயிற்றுக்குள் போன மருந்து ரத்தத்திலும் கொஞ்சம் கலக்குமாம். குடல் ஓடவே நாளாச்சு, அதுவரை டிரிப்தான். வீட்டுக்கு வந்தபின் பெரிய பாடு சாப்பாடு. இரைப்பை முழுசாக எடுத்துவிட்டதால் ஒரு கரண்டி சாதத்துக்கே வயிறு நிறைந்துவிடும். பாயசம், ஜூஸ் குடித்தால் படபடப்பு, வியர்வை, பேதி. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி கழித்துத்தான். ராத்திரி தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் பித்தநீர் மேலே வரும். பி12 ஊசி வாழ்நாள் முழுக்க. பழைய எடை திரும்பவே இல்லை. ஆனால் இப்போது கடைக்குப் போய் உட்காருகிறார். ஆபரேஷனுக்கு அப்புறம் மீதிக் கீமோவைத் தொடங்கத்தான் ரொம்ப சிரமப்பட்டார், பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே எத்தனை சுற்று முடிக்க முடியுமோ அத்தனையையும் முடித்துவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கொங்குமகள்:

அப்பாவிடம் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லிவிட்டாராம். கேமரா விட்டுப் பார்க்கட்டும், எடுக்க முடிகிற அளவு இருந்தால் செய்துகொள்கிறேன், இல்லை என்றால் காட்டை விற்காதே, அது உன் அம்மாவுக்கு என்றார். சேலம் டாக்டரே அடையாறுக்குக் கடிதம் எழுதித் தருகிறார். அஞ்சாவது சுற்றுக் கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். வாணி அக்கா, ராத்திரி தலைப்பக்கம் உயர்த்த என்ன செய்தீர்கள், தலையணை போதுமா, கட்டில் காலுக்கடியில் கட்டை வைக்கணுமா? அப்பாவுக்கு இப்போதே படுத்தால் எதுக்களிக்கிறது.

தஞ்சைவாணி:

தலையணை வழுகிப் போய்க் கழுத்துதான் வலிக்கும்மா. கட்டிலின் தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில் ஒரு செங்கல் உயரத்துக்குக் கட்டை வையுங்கள், உடம்பு முழுவதும் சரிவாக இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்துத்தான் படுக்க விட வேண்டும். எதுக்களிப்பதை சேலம் டாக்டரிடமும் சொல்லுங்கள், மாத்திரை மாற்றித் தருவார்.